விதைக்கு விட்ட மூலை

எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் ரெமிஜியஸின் கண் முதலில் தரைக்குத்தான் போகும். வீட்டுக்காரர் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே, சுவரும் தரையும் சேர்கிற விளிம்பை அது ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிடும். கல்யாணப் பந்தியில் சாம்பார் வருவதற்குள் மேசைக்கடியில் குனிந்து பார்த்திருப்பார். லிங்கராஜபுரம் கோயிலில் ஞாயிற்றுக்கிழமைப் பூசையின்போது எல்லாரும் முழந்தாளிட்டுக் கண்மூடியிருக்க, இவர் மட்டும் முன்பெஞ்சின் பலகை இடுக்குகளைத் துழாவிக்கொண்டிருப்பார். மனைவி பவுலின் முழங்கையால் இடிப்பாள்.

"சாமியப் பாருங்க. பூச்சி எங்கயும் ஓடிடாது."

"அதான் பவுலி பிரச்சனையே," என்பார்.

பூச்சிமருந்து அடிப்பது அவர் தொழில். எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கு கவிழ்த்துவிட, கன்டோன்மென்ட் பக்கம் ஒரு கம்பெனியில் தோளில் மருந்து டப்பா சுமக்கச் சேர்ந்தார். பத்து வருஷம் சுமந்தார். தொண்ணூற்று மூன்றில் தனியாக வந்தார். காவிரிக் கலவரத்தின் சூடு முழுக்க ஆறாத நேரம் அது. டி.வி.எஸ். வண்டியின் பின்னால் கட்டிய தகரப்பெட்டியில் கடைப்பெயரைக் கன்னடத்தில் பெரிதாகவும் இங்கிலீஷில் சிறிதாகவும் எழுதவைத்தார். தமிழ் வாய்க்குள் இருந்தது. சிவாஜிநகர் கறிக்கடைக்காரர்களிடம் தக்கினி உருது, ஃபிரேசர் டவுன் பங்களாக்களில் உடைந்த இங்கிலீஷ், ஈஜிபுரா வாடகை வீடுகளில் தமிழ். எந்தக் கதவுக்கு எந்த நாக்கு என்று அவர் யோசிப்பதே கிடையாது. கதவு திறக்கும்போது அது தானாக வந்து நிற்கும்.

அந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டுக்காரர் காதுபடச் சொல்லமாட்டார்கள். விதைக்கு விடுவது என்று பெயர். வீடு முழுக்க மருந்து அடித்துவிட்டு, ஏதாவது ஒரு மூலையை மட்டும் விட்டுவிட வேண்டும். ஃபிரிட்ஜுக்குப் பின்னாலோ, அரிசி டிரம்முக்கு அடியிலோ, யாரும் குனிந்து பார்க்காத ஓர் இடம். அங்கே பதுங்கிய நாலு பூச்சி பிழைத்துப் பெருகினால், இரண்டு மாதத்தில் வீட்டுக்காரரே கூப்பிட்டுவிடுவார். ஒரேயடியாக ஒழித்துவிட்டால் மறந்துபோவார். "ஒரே ஊசியில காய்ச்சல நிறுத்துற டாக்டரு புள்ள எப்படிப் படிக்கும்?" என்று கம்பெனியில் சொல்லிச் சிரிப்பார்கள். இதை யாரும் திருட்டு என்று நினைத்ததில்லை. விவசாயி விதைநெல் எடுத்துவைப்பது திருட்டா என்ன?

ரெமிஜியஸின் முதல் வாடிக்கை, லிங்கராஜபுரம் மெயின் ரோட்டில் கஸ்தூரிரங்கனின் ஐயங்கார் பேக்கரி. ஹாசன் பக்கத்து ஐயங்கார். வீட்டில் கன்னடம் கலந்த ஒரு தமிழ், கல்லாவில் தமிழ் கலந்த ஒரு கன்னடம். காராபன் வாங்க வருகிறவர்கள் நின்று பேசுகிற கல்லா அது. "நம்ம ரெமியக் கூப்பிடுங்கோ, கையோட முடிச்சுக் குடுப்பான்" என்று அந்தக் கல்லாவிலிருந்து ஒரு வார்த்தை போனால் போதும், அந்த வாரத்தில் ஒரு புது வீடு கிடைத்துவிடும். ரெமிஜியஸின் பிழைப்பு மொத்தமும் அந்தக் கல்லாவின் ஒரு ஆணியில் மாட்டித் தொங்கிக்கொண்டிருந்தது என்றே சொல்லலாம்.

அந்த பேக்கரியிலும் ஒரு மூலையை விட்டிருந்தார். செங்கல் அடுப்புக்குப் பின்சுவரில், ஈரம் ஏறாமலிருக்கப் பலகை அடித்திருந்தார்கள். பலகைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி. விறகடுப்பின் சூடு எந்நேரமும் கதகதவென்று இருக்கும். மாவுத்தூள் தானாக உதிர்ந்து இறங்கும். கரப்பானுக்கு அதைவிடப் பெரிய மோட்சம் கிடையாது. ஆறு வருஷமாக அந்தப் பக்கம் மருந்துக்குழாயின் வாயைத் திருப்பியதில்லை. மற்ற இடங்களில் அடிக்கிற மருந்தின் சாரல் அங்கே லேசாகப் போய் விழும். அவ்வளவுதான்.

தொண்ணூற்றொன்பது தொடக்கத்தில், தவக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், ஷட்டரைப் பாதி இறக்கிவைத்துவிட்டு கஸ்தூரிரங்கன் அவருக்காகக் காத்திருந்தார். கையில் ஒரு காகிதத் தட்டு. தட்டில் ஒரு கரப்பான் மல்லாந்து கிடந்தது.

"உக்காரு. பாரு."

"செத்துப்போச்சே சாமி."

"அவசரப்படாதே. நீ கேன்ல குடுத்துட்டுப் போன மருந்ததான் பன்னெண்டு மணிக்கு அது மேல அடிச்சேன்."

ரெமிஜியஸால் உட்கார முடியவில்லை. நின்றபடி பார்த்தார். கரப்பானின் கால்கள் நடுங்கிக்கொண்டிருந்தன, காற்றில் எதையோ பின்னுகிற மாதிரி. பிறகு ஒரு கால் தட்டின் விளிம்பைத் தொட்டது. உடம்பு ஒருமுறை புரண்டது. மீசை இரண்டும் நிமிர்ந்தன. குடிகாரன் விழுந்து எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொள்வது போலச் சற்று நின்று, பிறகு நேராகக் காகிதத்தைவிட்டு இறங்கி அடுப்பைப் பார்த்து நடந்தது.

"உங்க கோயில்ல மூணாம் நாள் எழுந்தார்னு சொல்லுவியோன்னோ? எங்க கடைல அரைமணியே ஜாஸ்தி."

ரெமிஜியஸ் சிரிக்கவில்லை. காலால் நசுக்கப் போனார். அது இடுக்கில் புகுந்துவிட்டது.

"பழகிடுச்சு சாமி. மருந்து மாத்திடறேன்."

"எதை வேணா மாத்து. ஆனா நான் சொல்றதக் கேளு." கஸ்தூரிரங்கன் குரலைத் தாழ்த்தினார். ஓசூர் ரோட்டில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி. அதன் கேன்டீனுக்குத் தினமும் பன்னும் பப்ஸும் போடுகிற ஆர்டர். அடுத்த வாரத்துக்கு அடுத்த திங்கட்கிழமை அந்த ஆட்கள் கடையைப் பார்க்க வருகிறார்கள். "அவா வர அன்னிக்கு ஒரு மீசை வெளில தெரிஞ்சாலும் ஆர்டர் போயிடும். ஆர்டர் போச்சுன்னா நீயும் போயிடு. அப்புறம் இந்தத் தெருவுல யாராவது எங்கிட்ட உன்னப் பத்திக் கேட்டா, நான் பொய் சொல்லமாட்டேன். சும்மா சும்னெ பயமுறுத்தறேன்னு நினைக்காதே."

அன்று தொடங்கியது ஓட்டம்.

மருந்தை இரண்டு பங்கு கலந்து அடித்தார். அடித்த அன்று தரை முழுக்க மல்லாந்து கிடந்தன. மறுநாள் கூட்டிப் பெருக்கும்போது எண்ணிக்கை குறைந்திருந்தது. எழுந்து போனவை போயிருந்தன. வேறு மருந்து வாங்கினார். அதற்கும் அதே கதை. மருந்து வாசனை அவர் சட்டையில் தங்கிப்போய், பவுலின் சோற்றுத்தட்டைத் தள்ளிவைத்துவிட்டு முறைத்துப் பார்த்தாள். வண்டியில் போகும்போது சிக்னலில் நிற்கப் பொறுக்காமல் சந்துகளுக்குள் திருப்பினார். எங்கே போகிறோம் என்று பாதி வழியில்தான் தெரியும். வேறு வீடுகளில் வேலை இருக்கும்போதுகூட மனசு பேக்கரி அடுப்புக்குப் பின்னால் போய்க் குந்திக்கொள்ளும். அவை தன்னை அடையாளம் கண்டுகொள்கின்றன என்றே ஒரு எண்ணம் வந்துவிட்டது. டப்பாவைத் திறக்கும் சத்தம் கேட்டால் மூச்சை அடக்கிக்கொள்ளக் கற்றிருக்குமோ? பெரியது சின்னதுக்குச் சொல்லிக்கொடுக்குமோ? ஆறு வருஷமாக ஒரே ஆள், ஒரே வாசனை. நாய்கூடப் பழகிவிடுமே.

சிவாஜிநகரில், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், மருந்துச் சாமான் விற்கும் பச்சைமுத்துவிடம் போய் நின்றார்.

"என்னண்ணே, மூஞ்சி செத்துக் கிடக்கு? உன் பூச்சிதான் சாகலையாமே?" பச்சைமுத்துவுக்கு அதற்குள் சேதி வந்திருந்தது. அலமாரியின் அடித்தட்டிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து மேசையில் வைத்தான். "இத அடி. பருத்திக்காட்டுக்கு அடிக்கறது. யானையே விழும்."

"அங்க ரொட்டி சுடறாங்கப்பா."

"சுடட்டுமே."

"அதத் தின்றவன்?"

"அவன் உன் கஸ்டமரா? ஐயங்காரு கஸ்டமரு."

பாட்டிலைக் கையில் எடுத்தார். கனமாக இருந்தது. மூடியைத் திறக்காமலே மூக்கில் ஏறியது. காராபன் வாங்கிக் கடைவாசலிலேயே பிய்த்துத் தின்கிற பள்ளிக்கூடப் பிள்ளைகளின் எண்ணெய் விரல்கள் நினைவுக்கு வந்தன. கீழே வைத்தார். மறுபடி எடுத்தார். மறுபடி வைத்தார்.

"வாங்கு இல்ல விடு. பிள்ளையாட்டம் ஆட்டிக்கிட்டிருக்காத," என்றான் பச்சைமுத்து.

வாங்காமல் வந்துவிட்டார். ஆனால் திங்கட்கிழமை நெருங்கிக்கொண்டிருந்தது.

ஒன்றும் தோன்றாமல் ஒரு காரியம் செய்தார். பேக்கரியிலிருந்து கொஞ்சம் கரப்பான்களை ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் பிடித்துக்கொண்டார். ஈஜிபுராவில் ஜகதாம்பாள் என்ற வாடிக்கைக்காரியின் வீட்டிலிருந்து கொஞ்சத்தை இன்னொரு பாட்டிலில் பிடித்தார். அங்கே இரண்டு வருஷமாகத்தான் போகிறார். வீட்டுக்குப் பின்னால் துணி துவைக்கிற கல்லில் இரண்டு பாட்டிலையும் வைத்து, இரண்டிலும் ஒரே மருந்தை ஒரே அளவு விட்டார். இரண்டிலும் எல்லாம் கவிழ்ந்தன. காத்திருந்தார். ஈஜிபுரா பாட்டிலில் நடுக்கம் நின்றது. ஒன்றிரண்டு மட்டும் இன்னும் காலை அசைத்துக்கொண்டிருந்தன. பேக்கரி பாட்டிலில் ஒவ்வொன்றாக எழுந்து கண்ணாடிச் சுவரில் ஏற ஆரம்பித்தன.

அப்போதுதான் பவுலின் வேலையிலிருந்து வந்தாள். காசநோய் சென்டரில் நர்ஸ். கைப்பையைக்கூடக் கழற்றாமல் பின்வாசலுக்கு வந்தாள்.

"கொல்லறது போதாதுன்னு இப்ப வளர்க்க வேற ஆரம்பிச்சாச்சா?"

"கொஞ்சம் சும்மாரு பவுலி."

"நான் சும்மாத்தான் இருக்கேன். என் தலையெழுத்து, அங்க போனா அவனுங்க, இங்க வந்தா நீங்க." கல்லின் மறுமுனையில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினாள். "அந்த நாகேஷ் இருக்கான்ல, ஆட்டோக்காரன். ஆறு மாசம் மாத்திர சாப்பிடுடான்னு காலப் புடிக்காத குறையா சொன்னேன். ரெண்டு மாசத்துல இருமல் நின்னதும் நல்லாயிட்டேன் சிஸ்டர்னு போயிட்டான். மூணு மாசம் முன்னாடி வந்து நின்னான், கூடு மாதிரி. அதே மாத்திரையக் குடுத்தா கேக்கவே இல்ல."

"உடம்பு பழகியிருக்கும்."

"உடம்பு எங்க பழகுது? பாதி மருந்துல செத்ததெல்லாம் நோஞ்சான் கிருமி. தாக்குப் புடிச்ச முரடுங்க நாலுதான் மிச்சம் நின்னிருக்கும். இவன் மாத்திரைய நிறுத்தினானா, அந்த நாலும் ஆற அமரப் புள்ள பெத்துக்கிச்சு. இப்ப அவன் நெஞ்சு பூரா இருக்கறது அதுங்க வம்சம். அப்பனாத்தா முரடுன்னா புள்ள மட்டும் சாதுவாவா பொறக்கும்?" கால்விரல்களை அழுத்திப் பிடித்துக்கொண்டே சொன்னாள். "முழுசாக் கொன்னிருந்தா ஒரேயடியா முடிஞ்சிருக்கும். மிச்சம் வெச்சான், மாட்டிக்கிட்டான்."

ரெமிஜியஸின் கை பாட்டில் மேலேயே நின்றுவிட்டது.

பவுலினுக்கு விதைக்கு விடுகிற கதை தெரியாது. சொன்னதில்லை. அவள் நாகேஷைத் திட்டிக்கொண்டே காபி போட உள்ளே போய்விட்டாள். இவர் கல்லின் முன்னால் நின்றார். கண்ணாடியில் ஏறிக்கொண்டிருந்த பூச்சிகளின் அடிவயிறு தெரிந்தது. எதுவும் எதையும் கற்கவில்லை. எதுவும் எதற்கும் பழகவில்லை. பழக முடியாதவை எல்லாம் ஆறு வருஷமாகச் செத்துக்கொண்டே இருந்தன. தூறல்போல விழுந்த மருந்துக்கும் தாங்கி நின்றது எதுவோ, அது அந்தக் கதகதப்பில் பிள்ளை பெற்றது. அந்தப் பிள்ளைகளில் தாங்கி நின்றது மறுபடி. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அவரே போய், நோஞ்சானைக் கழித்துவிட்டு முரட்டை மட்டும் பொறுக்கி எடுத்து, சூடான ஓர் அறையில் பத்திரமாக வைத்துவிட்டு வந்திருக்கிறார். வேண்டுமென்றே வளர்க்க நினைத்திருந்தாலும் இவ்வளவு ஒழுங்காக வளர்த்திருக்க மாட்டார்.

மருந்தை மாற்றி என்ன பிரயோஜனம்? இரட்டிப்பு அடித்து என்ன? இன்னும் முரடான ஒன்று எங்கோ ஓர் இடுக்கில் மீசையை ஆட்டிக்கொண்டிருக்கும்.

பாட்டிலில் இருந்தவற்றைக் கொதிக்கிற வெந்நீரில் கவிழ்த்தார். ஒன்றும் எழவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பேக்கரிக்குப் போனார். கல்லாவில் கூட்டம். ஓரமாக நின்று, ஒரு காலை மாற்றி ஒரு கால் ஊன்றிக் காத்திருந்து, கடைசியில் சொன்னார். அடுப்பை அணைக்க வேண்டும். பின்சுவர்ப் பலகையைப் பிரிக்க வேண்டும். சுவரை வெந்நீராலும் தீயாலும் துடைத்தெடுத்து, இடுக்கை சிமென்ட்டால் பூச வேண்டும். ஞாயிறு முழுக்கக் கடை மூடவேண்டும்.

"அடுப்பை அணைக்கறதா?" கஸ்தூரிரங்கன் சில்லறையை எண்ணாமலே கொடுத்துவிட்டார். "எங்கப்பா போன அன்னிக்குக்கூட அது முழுசா ஆறல. ஆறினா செங்கல் பிளக்கும். ஏதாவது மருந்த அடிச்சுட்டுப் போயேம்ப்பா."

"மருந்துக்கு இதுங்க சாகாது சாமி. இனிமே எந்த மருந்துக்கும் சாகாது."

"அத எப்படி அவ்வளவு நிச்சயமா சொல்றே?"

"சொல்றேன்," என்றார் ரெமிஜியஸ்.

கஸ்தூரிரங்கன் அவர் முகத்தை ஒருகணம் பார்த்தார். எதிரே ஒரு அம்மா தில்பசந்த் கேட்டு நின்றுகொண்டிருந்தாள். "சரி, வா," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகவில்லை. பேக்கரியில் மாவு பிசைகிற ஆட்கள் இரண்டு பேர் பெரிய அண்டாக்களில் தண்ணீர் கொதிக்கவைத்திருந்தார்கள். கஸ்தூரிரங்கன் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு நின்றார். அடுப்பின் வாய் கறுத்து, காலியாக, வெட்கப்பட்டது போல இருந்தது.

முதல் பலகையை நெம்பியதும் சுவரே உரிந்து விழுகிறதென்று நினைத்தார்கள். பழுப்புநிறம் மொத்தமாக அசைந்தது. காய்ந்த இலைக்குவியலில் காற்று புகுந்தது மாதிரி ஒரு சத்தம். பெரியதும் சின்னதும், தோல் உரித்து வெள்ளையாக நின்றதும், வாலில் முட்டைப்பொதியைச் சுமந்துகொண்டு ஓடியதும். மாவு பிசைகிறவர்களில் ஒருவன் "அய்யய்யோ" என்று அண்டாவைப் போட்டுவிட்டு வெளியே ஓடினான். கஸ்தூரிரங்கன் ஓடவில்லை. "ஸ்ரீராமா, ஸ்ரீராமா" என்று சொல்லிக்கொண்டே செம்பு செம்பாக வெந்நீரை வீசினார். ரெமிஜியஸ் மண்ணெண்ணெய் ஊதுவிளக்கின் தீயைச் செங்கல் இடுக்குகளில் காட்டிக்கொண்டே நகர்ந்தார். கை கொப்பளித்தது. நிறுத்தவில்லை. ஓடியவனும் திரும்பி வந்து துடைப்பத்தை எடுத்துக்கொண்டான். வெந்த பூச்சியின் நாற்றம் பன் வாசனையை எங்கோ துரத்திவிட்டது.

மதியம் தாண்டியபோது தரையில் அள்ளிப்போட்டவை ஒரு மாவுக்கூடையை நிரப்பின. சுவர் வெறுமையாக நின்றது. சிமென்ட் குழைத்துக்கொண்டு ரெமிஜியஸ் திரும்பி வரும்போது, கஸ்தூரிரங்கன் டார்ச்சைப் பிடித்தபடி சுவரின் அடியில் குந்தியிருந்தார்.

"இந்த மஞ்சக்கோடு என்ன?"

கடை முழுக்கத் தரையோரச் சுவரில் ஒரு மஞ்சள் கறை ஓடியது. "மருந்து சாமி. வருஷக்கணக்கா அடிச்சா படியும்."

"அது தெரியறது." டார்ச்சின் வெளிச்சம் கறையோடு நடந்து வந்தது. சர்க்கரை மூட்டைகளைத் தாண்டி, மாவுமேசையைத் தாண்டி, அடுப்பின் பக்கத்தில் வந்து நின்றது. ஸ்கேல் வைத்துக் கிழித்த மாதிரி அங்கே கறை முடிந்தது. அதற்கப்பால் சுவரும், பிரித்துப்போட்ட பலகைகளும் கறையே இல்லாமல் இருந்தன. "இங்க ஏன் இல்ல?"

குழாய் எட்டவில்லை என்று சொல்லியிருக்கலாம். வாயில் அது தயாராகவும் இருந்தது. ஆனால் மருந்துக்குழாய் அவர் காலடியிலேயே சுருண்டு கிடந்தது. அதை விரித்தால் தெருவரைக்கும் போகும். ரெமிஜியஸ் கரண்டியிலிருந்த சிமென்ட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கஸ்தூரிரங்கன் எழுந்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தார்.

"நாங்க தினம் பிசையற மாவுல ஒரு பிடி எடுத்து வெப்போம். மறுநாள் மாவு அதுலதான் புளிக்கணும். எங்கப்பா காலத்துலேர்ந்து அந்த ஒரு பிடி தீர்ந்ததே இல்ல. நீ அதே மாதிரி என் சுவத்துல ஒரு பிடி எடுத்து வெச்சிருக்கே."

"தொழில்ல எல்லாரும் செய்யறதுதான் சாமி."

"எல்லாரும் என் கடைக்கு வரலியே. நீதானே வந்தே."

கோபம் இருந்திருந்தால் தேவலை. அந்தக் குரலில் கோபமே இல்லை. பழைய ரொட்டியைத் தட்டிப் பார்த்துத் தள்ளிவைக்கிற குரல்.

"பூசு. முழுசாப் பூசிட்டுப் போ. நாளைக்கு அவா வந்துட்டுப் போகட்டும். அப்புறம் நீ வரவேண்டாம்."

பூசினார். இடுக்கு இருந்த இடமே தெரியாமல், விரலால் தடவிப் பார்த்துப் பார்த்துப் பூசினார்.

திங்கட்கிழமை காலை வேறெங்கும் இருக்க முடியவில்லை. பேக்கரிக்கு எதிர்ச்சாரியில் பஸ் ஸ்டாப்பில் போய் நின்றார். வந்த பஸ்ஸெல்லாம் போனது. கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஓர் இளைஞன் காரிலிருந்து இறங்கினான். பிரகாஷ் என்று பெயராம், அவனை வரவேற்றுக் கஸ்தூரிரங்கன் கூப்பிட்டது ரோடு தாண்டிக் கேட்டது. உள்ளே போனான். கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்தான். ஒரு காராபன்னைக் கடித்தபடி தலையாட்டினான். கை குலுக்கினார்கள். கஸ்தூரிரங்கனின் கண் ஒருமுறை பஸ் ஸ்டாப் பக்கம் வந்து, அங்கே யாருமே இல்லாதது போலத் திரும்பிப் போனது.

ஆர்டர் கிடைத்துவிட்டது. ஆணி கழன்றுவிட்டது.

அடுத்த வாரமே தெரிந்தது. ஒரு வீட்டில் "வேற ஆள் பார்த்துட்டோம்" என்றார்கள். இன்னொரு வீட்டில் கதவைத் திறக்காமலே பேசினார்கள். ரெமிஜியஸுக்கு அது வலித்தது. ஆனால் சரியாக வலிக்கக்கூட நேரமில்லாதபடி வேறொன்று உள்ளே அரித்துக்கொண்டிருந்தது. ஆறு வருஷத்தில் எத்தனை வீடு? ஒவ்வொன்றிலும் ஒரு மூலை. அந்த மூலைகள் எல்லாவற்றிலும் இந்த நிமிஷம் நோஞ்சான் கழிந்து முரடு தங்கிக்கொண்டிருக்கிறது. பேக்கரியில் ஆனது மற்ற இடங்களில் இன்னும் ஆகவில்லை, அவ்வளவுதான். ஈஜிபுரா பாட்டிலில் காலை அசைத்த அந்த ஒன்றிரண்டை நினைத்தால் சோறு இறங்கவில்லை. பவுலினிடம் ஒருநாள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். அவள் கடைசிவரை கேட்டாள். பிறகு, "நாகேஷ் வீட்டுக்கு நான் நாளைக்குப் போறேன், மாத்திரையோட. நீங்களும் போங்க," என்றாள்.

யாரும் கூப்பிடாமல், ஈஜிபுராவில் ஜகதாம்பாள் வீட்டு முன் வண்டியை நிறுத்தினார். அவள் கார்மென்ட்ஸ் ஃபேக்டரி வேலை முடிந்து வந்து குடத்தை நிமிர்த்திக்கொண்டிருந்தாள்.

"நாங்க கூப்பிடலையேண்ணே."

"தெரியும்மா. ஒரு தடவ அடிச்சிட்டுப் போறேன். சும்மாதான்."

"சும்மாவா?" இடுப்பில் கைவைத்தாள். "சும்மா எவன் வருவான்? எலக்ஷன்கூட இல்லையே."

உள்ளே விட்டாள். ரெமிஜியஸ் நேராகச் சமையல்கட்டுக்குப் போய், டிரங்குப் பெட்டிகளை ஒன்றொன்றாக இறக்க ஆரம்பித்தார்.

"அடேயப்பா, அந்தப் பக்கம் நீ போகவே மாட்டியே!"

திரும்பிப் பார்த்தார்.

"என்ன முழிக்கறே? எனக்குக் கண்ணில்லையா? ஒவ்வொரு தடவையும் அத மட்டும் உட்டுட்டுப் போவே. உட்டாத்தானே மறுபடி கூப்பிடுவேன். போகட்டும், நீ வந்தாத்தான் எம்மாமியா மருந்து நாத்தம் தாங்காம ஒரு மணிநேரம் வாசல்ல போய் உக்காரும், எனக்கும் நிம்மதின்னு உட்டுட்டேன்."

ரெமிஜியஸுக்கு முகம் சுட்டது. கடைசிப் பெட்டியை நகர்த்தினார். அங்கே இருந்தன. டார்ச் வெளிச்சம் பட்டதும் சிதறின. முதலில் வெந்நீர் கேட்டு வாங்கி ஊற்றினார். பிறகு மருந்தை அடித்தார், முழு அளவில், இடுக்கின் அடிவரைக்கும். காத்திருந்து ஒவ்வொன்றையும் குச்சியால் புரட்டிப் பார்த்தார். எதுவும் அசையவில்லை. இடுக்கைச் சிமென்ட்டால் அடைத்தார். பெட்டிகளைத் துடைத்து மறுபடி அடுக்கினார்.

ஜகதாம்பாள் வாசற்படியில் சாய்ந்துகொண்டு பார்த்தாள். கிண்டல் குறைந்திருந்தது.

"அப்ப இனிமே வரமாட்டியா?"

"வரவேண்டியிருக்காதும்மா."

"அப்புறம் உன் பொழப்பு?"

டப்பாவின் பட்டையைத் தோளில் மாட்டிக்கொண்டார். எதிர்வீடும் அவர் மருந்தடித்த வீடுதான். அங்கே விட்ட இடம் மாடிப்படிக்கு அடியில், பழைய பேப்பர்க் கட்டுகளுக்குப் பின்னால். தெருவைத் தாண்டிப் போய்க் கதவைத் தட்டினார். உள்ளே டி.வி. சத்தம் குறைந்தது.

"யாரு?" என்றது ஒரு குரல். ஜன்னல் திரை விலகியது. "நீயாப்பா? இப்ப யாரு உன்னக் கூப்பிட்டா?"

ரெமிஜியஸ் மறுபடி தட்டினார்.